இங்கே கிழிக்கவும்

மார்ச் கடைசி வெள்ளி.
மஞ்சள் தொப்பி கொடுத்து எங்களை அழைத்துப் போனார்கள்
தொம்மலூர் மேம்பாலத்துக்குப் பின்னால்,
உலர்கழிவு மையத்துக்கு.
ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமாம்.
பன்னிரண்டு பேர், ஒரு புகைப்படக்காரர்,
ஒரு பெட்டி குடிதண்ணீர் பாட்டில்.

தகரக் கூரையின் கீழே தனகோட்டி
பார்க்காமலே பிரித்துக்கொண்டிருந்தார்.
கசக்கினால் போதும், சத்தம் சொல்லிவிடுமாம்.
பால் கவர் முனகும். எண்ணெய்க் கவர் வழுக்கும்.
"இது மட்டும் சரசரன்னு சண்டைக்கு வரும் சார்"
என்று தூக்கிக் காட்டியது
ஐந்து ரூபாய் மசாலா சிப்ஸ்.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.
மொறுமொறுப்பு கையிலேயே கேட்க வேண்டும் என்று
ஏழு மாதம் ஆய்வகத்தில்
காது கொடுத்து உட்கார்ந்திருந்தவன் நான்.
வெளியே அச்சு, நடுவே மினுக்கும் உலோகப் பூச்சு,
உள்ளே உருகி ஒட்டும் படலம்.
மூன்றும் ஒன்றையொன்று விடாதபடி சேர்த்ததுதான்
என் சாமர்த்தியம்.

"பிரிக்கவே வராது சார்.
வெங்கடப்பா குடோன்ல கொண்டு போட்டா
பேடா பேடான்னு திருப்பி வீசுவான்.
பாட்டிலுக்குக் காசு. அட்டைக்குக் காசு.
இதுக்குக் குனியறது சும்மா."

இருபத்திரண்டு கிராம் பதினேழு ஆனபோது
விலை ஐந்திலேயே நின்றது,
கவர் மட்டும் அரை அங்குலம் வளர்ந்தது.
காற்று எடை கேட்பதில்லை.
பாக்கெட்டுக்கு முப்பது பைசா மிச்சம்;
நாடு முழுக்கப் பெருக்கிக் காட்டிய திரையில்
பூஜ்யங்கள் வரிசையாக வாய் திறந்திருந்தன.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
அந்த வருட ஊக்கத்தொகையை முன்பணமாக்கி
வர்த்தூர் ஏரியைப் பார்த்த வீடு, ஒன்பதாவது மாடி.
மழை பிடித்தால் ஏரி நுரைக்கும்.
பால்கனிக் கண்ணாடியைச் சாத்திவிடுவோம்.

கிளம்புகிற நேரத்தில்
தனகோட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.
காசு என்று நினைத்தேன்.
சிவப்பு முக்கோணங்கள், நகத்தளவு, ஒரு பிடி.

"கவராவது கைக்கு வரும் சார்.
கிழிச்ச மூலை வராது.
சல்லடையில நிக்காது, தொடப்பத்துல சிக்காது,
மோரி வாயில போய் உக்காந்துக்கும்.
போன மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்து
வடிஞ்சப்புறம் பாத்தா
முட்டி உசரத்துக்குச் சுவரெல்லாம் இதுதான்,
பொட்டு வெச்ச மாதிரி.
இத யாரு பண்றாங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?
மூலை தனியா வராம செய்யச் சொல்லுங்களேன்.
கஷ்டமா அது?"

கஷ்டமில்லை.
வெட்டுப்பல்லை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால்
கிழிந்த பிறகும் மூலை தொங்கிக்கொண்டிருக்கும்.
மாதிரிகூடச் செய்தேன் ஒருமுறை.
பிளேடு மாற்ற ஆறு மணி நேரம் லைன் நிற்கும்,
அவசியம் என்ன என்று
ஒரு வரியில் பதில் வந்தது.

"சொல்றேன்மா" என்றேன்.
யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.

அறிக்கை வந்துவிட்டது. பக்கம் நாற்பத்தொன்று.
விற்ற எடைக்குச் சமமான எடை
ஏதோ ஒரு சிமெண்ட் சூளையில் எரிந்ததற்குச் சான்றிதழ்,
ஓரத்தில் பச்சை இலை.
மூலைகளை அந்த எடையில் சேர்த்தார்களா என்று
ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை, நான் உட்பட.
படத்தில் எங்கள் பன்னிரண்டு தொப்பிகள்.
தனகோட்டி விளிம்பில், முழங்கை வரைக்கும்.

இன்று இரவு மகன் பாக்கெட்டைக் கிழித்தான்.
ஒரே இழுப்பு. பல் தேவைப்படவில்லை.
அவ்வளவு நல்ல வெட்டு அது.
சிவப்பாக ஏதோ தரைக்குப் போனது.

சோபாவுக்கடியில் டார்ச் அடித்து
மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
"என்னப்பா தொலைச்ச?" என்கிறான்,
வாய் நிறைய.